பதினொரு கட்டங்கள்

பம்பரத்தை எழுப்புவது பெரிய காரியமில்லை. ஆறு மணிக்குத் தோளைத் தொட்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவாள். எழுந்தவளைக் குளியலறைக்குக் கொண்டு சேர்ப்பதும், சேர்த்தவளை அங்கிருந்து மீட்பதும்தான் பெரும்பாடு. பல் தேய்க்கப் போன பெண் பிரஷ்ஷை வாயில் கடித்துக்கொண்டு தரையில் குந்தி, வாளிக்கு அடியில் போகும் எறும்புக்கு வழி விட்டுக்கொண்டிருப்பாள். எறும்பு போய்ச் சேர்ந்ததும் ஷாம்பு பாட்டிலில் உள்ள எழுத்துகளைக் கடைசியிலிருந்து படிக்கத் தொடங்குவாள். பற்பசை தாடையில் வழிந்து காய்ந்திருக்கும். பல் மட்டும் தேய்த்திருக்க மாட்டாள்.

முட்டை ஆறிப்போகிறது என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தால், "இதோம்மா" என்று உடனே பதில் வரும். அந்த 'இதோ'வுக்கு அந்த வீட்டில் காலணா மதிப்புக் கிடையாது.

பம்பரத்துக்கு எட்டு வயது. அந்தப் பெயரை வைத்தது அப்பா. தொட்டிலில் கிழக்குப் பார்த்துப் படுக்கவைத்தால் மேற்குப் பார்த்துக் கிடப்பாளாம். பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை என்று வகுப்பாசிரியை இரண்டு வருடமாகக் குறிப்பு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். இடத்தில் உட்காருவதில்லை, கேட்காதபோது பதில் சொல்கிறாள், கேட்டால் சொல்வதில்லை, பென்சில் ஒரு நாளைக்கு ஒன்று தொலைகிறது. எல்லாம் உண்மைதான். கெட்ட பிள்ளை என்று அவர் ஒருநாளும் எழுதியதில்லை. ஆனால் படிக்கிற அம்மாவுக்கு ஒவ்வொரு வரியிலும் அதுதான் தெரிந்தது.

வாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனதில் தோன்றுவதற்கும் வாயில் வருவதற்கும் நடுவே மற்றவர்களுக்கு ஒரு கதவு இருக்கும். பம்பரத்துக்கு அந்தக் கதவைப் பொருத்த மறந்துவிட்டார்கள். ஒருமுறை அம்மா வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்திருந்தபோது, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "ஆன்ட்டி, சிடுமூஞ்சின்னு அம்மா போன்ல சொன்னது உங்களைத்தானே?" என்று கேட்டாள். மேற்பார்வையாளர் சிரித்தார். வீட்டுக்காரிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வீட்டுக்காரி, அதாவது பம்பரத்தின் அம்மா, பால்பொருள் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதகர். குளிர் கிடங்குகளின் வெப்பநிலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டியது கிடங்கு ஆட்களின் வேலை. அவர்கள் பார்த்துத்தான் எழுதினார்களா என்று பார்க்க வேண்டியது இவள் வேலை. ஆட்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாள் முழுக்க டீ குடித்துவிட்டு, வீட்டுக்குப் போகும்போது எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதிவைப்பார்கள். இவள் தாளைத் தூக்கிப் பார்த்ததும் சொல்லிவிடுவாள். உண்மையாக எழுதிய தாளில் எண் ஏறும், இறங்கும், ஓரிடத்தில் அடித்துத் திருத்தியிருக்கும். பொய்த் தாள் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். பதினொரு வருடத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவியவர் யாருமில்லை.

மகளைக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர், இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மகளுக்குத் திமிர் இல்லை, தன் வளர்ப்பில் கோளாறு இல்லை, மூளை கவனத்தைப் பிடித்துவைக்கும் விதம் வேறு, அவ்வளவுதான். மருந்து தேவைப்பட்டால் அதையும் பேசலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை, மருந்து உண்டோ இல்லையோ வீட்டில் நாள் ஓடுகிற விதம் முக்கியம் என்று டாக்டர் சொன்னார். எது எது உதவும் என்று பதினொரு விஷயங்கள் அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்து, முடிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு வாரம் குறித்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

முடிந்ததை என்ற சொல் அவள் காதில் விழவே இல்லை. சோதனைத் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூட ஒரு லாரிச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவள் அவள். வீட்டுக்கு வந்ததும் நீள நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். நாளுக்கு ஒரு வரிசை, வரிசைக்குப் பதினொரு கட்டம். எட்டரைக்குத் தூக்கம். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு டிவி, போன் இல்லை. ஆறு மணிக்கு எழுதல். இருபது நிமிடம் கயிறு தாண்டல். காலையில் வயிறு நிறைய முட்டையும் ரொட்டியும் பாலும். முந்தின நாளே பை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலை சொல்லல். பத்து நிமிடம் பாடம், ஐந்து நிமிடம் ஆட்டம். பொருளுக்கு ஓர் இடம். செய்ததற்குப் பாராட்டு. கடைசிக் கட்டத்தில், பெரியவர்கள் குரலை உயர்த்தியது எத்தனை தடவை.

இதெல்லாம் ஒரு தாய் பொறுமையாகச் செய்து பார்க்கக்கூடிய காரியம்தான், தலைக்கு மேல் கத்தி தொங்காமல் இருந்தால். கத்தியைத் தொங்கவிட்டது கணவன்.

அவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். பத்து நாள் சாலையில், இரண்டு நாள் வீட்டில். கெட்டவன் இல்லை. மகள் என்றால் உயிர். வீட்டில் இருக்கும் இரண்டு நாளும் மகள் தன்னைக் கொண்டாட வேண்டும் என்பதற்காகப் போனைக் கையில் கொடுத்து, பதினொரு மணிவரை விளையாடவிட்டு, பத்து நாளாக இவள் கட்டியதை எல்லாம் கலைத்துவிட்டுப் போவான். மூன்றாம் நாள் காலை மகள் எழாமல் அழும்போது அவன் எங்கோ நாற்பது டன் சரக்கோடு போய்க்கொண்டிருப்பான்.

அவன் வீட்டில் இருந்த ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. தண்ணீர் லாரிக்காகத் திறந்த வாசல் வழியே பம்பரம் வெளியே போய்விட்டாள். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்மணி கையைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தார். நடுச்சாலையில் ஒரு புறா உட்கார்ந்திருந்ததாம், அதற்குக் கால் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கப் போனாளாம். லாரிக்காரனுக்கு ஒரு சாலையில் என்னென்ன நடக்கும் என்று தெரியும். அன்று அவன் சாப்பிடவில்லை. மாலையில் அக்காவுக்குப் போன் செய்தான்.

அவனுடைய அக்கா வேறு ஊரில் ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டன். எண்பது பிள்ளைகள். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் படிக்கும் பிள்ளைகள். ஸ்பீக்கரில் போட்ட போனில் நாத்தனாரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "தம்பி, நோயும் இல்ல ஒண்ணும் இல்ல. செல்லம். எங்கிட்ட ஒரு வருஷம் விடு, கம்பி மாதிரி நிமித்திக் காட்டறேன்."

இவள் ஒற்றைக் காலில் நின்றாள். விட மாட்டேன் என்றாள். இத்தனை வருடத்தில் அவள் கணவனிடம் குரல் உடைந்து பேசியது அன்றுதான். அவனும் இறங்கி வந்தான். டாக்டர் ஆறு வாரம் சொல்லியிருக்கிறார் அல்லவா, பார்ப்போம், அன்று நானும் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன் என்றான். "நோட்டைக் காட்டு. தேறியிருந்தா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா புது வகுப்புக்கு அக்காகிட்ட போகட்டும். எனக்கு அவ உசுரோட இருக்கணும், அவ்வளவுதான்."

கதவுக்குப் பின்னால் பம்பரம் நின்றிருந்தாளா என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

முதல் இரண்டு வாரம் அவள் உண்மையாகத்தான் எழுதினாள். எட்டரைக்குத் தூங்கவைக்க ஏழிலிருந்து ஆயத்தம் செய்ய வேண்டும். ஏழுக்கு ஆயத்தம் செய்ய ஆறரைக்குச் சாப்பாடு முடிய வேண்டும். ஆறரைக்குச் சாப்பாடு முடிய அவள் ஐந்தரைக்கு வீடு வந்திருக்க வேண்டும். தொழிற்சாலை பஸ் ஆறுக்குத்தான் வரும், அதுவரை பம்பரம் கீழ்வீட்டில் இருப்பாள். ஆகவே வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் அரை மணி நேரம் பின்தங்கியிருப்பாள். பகல் முழுக்கக் குளிர் கிடங்கில் ஏறி இறங்கிய கால் மரத்துக் கிடக்கும். மறுநாள் விடிந்ததும் அந்தக் காலோடு கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும், பாராட்ட வேண்டும், முகத்தில் சிரிப்பு வேண்டும்.

நல்ல நாட்களும் இருந்தன. காலையில் மொட்டை மாடியில் இருபது நிமிடம் கயிறு தாண்டிய நாளில் பம்பரம் முட்டையை முழுசாகச் சாப்பிட்டாள், ஷூவைத் தானே தேடி எடுத்தாள், பள்ளியிலிருந்து குறிப்பு எதுவும் வரவில்லை. அந்த மாதிரி ஒரு நாள் வந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிடும். மறுநாள் மழை பிடித்துக்கொள்ளும், மாடிக்குப் போக முடியாது, அன்று ஷூ குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும். ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டால் பம்பரத்துக்கே தெரியாது. பால் எடுக்கப் போனபோது கையில் ஷூ இருந்தது, பால் வெளியே வந்தது, ஷூ உள்ளே போய்விட்டது. 

இரண்டு வாரம் முடிந்து அவள் கூட்டிப் பார்த்தபோது பாதிக் கட்டம்கூடத் தேறவில்லை. கடைசிக் கட்டத்தில் நான்கு, ஐந்து, மூன்று, ஆறு என்று எண்கள் இருந்தன.  இந்தத் தாளைக் கிடங்கு ஆள் ஒருவன் கொண்டுவந்திருந்தால் அவள் சரக்கைத் திருப்பி அனுப்பியிருப்பாள்.

மூன்றாம் வாரம் ஒரு விடுமுறை நாள் பிற்பகலில், பம்பரம் கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருந்தபோது, அவள் நோட்டை விரித்து உட்கார்ந்தாள். அந்த வாரத்துக்கு ஒரு கட்டமும் நிரப்பியிருக்கவில்லை. நிரப்ப நேரமும் இருந்ததில்லை. ஏழு நாளையும் அன்றே எழுதினாள். பொய் எழுதத் தெரியாதவர்கள் எழுதுவதுபோலவா எழுதினாள்? வரிசை முழுக்க டிக் போடவில்லை. நடுநடுவே ஒரு பெருக்கல் குறி. ஒருநாள் தூக்கம் எட்டே முக்கால், ஒருநாள் ஒன்பது. மூன்று பேனாவை மாற்றினாள், ஓரிடத்தில் பென்சில். ஒரு தப்பை அடித்துத் திருத்தினாள். கடைசிக் கட்டத்தில் முதலில் இரண்டு, பிறகு ஒன்று, வாரக் கடைசியில் சுழி. முன்னேற்றம் என்றால் எப்படி வர வேண்டுமோ அப்படி வந்தது. எழுதி முடித்ததும் தன்னையறியாமல் தூரத்தில் வைத்து ஒரு பார்வை பார்த்தாள். பிடிக்க முடியாது. அவளாலேயே பிடிக்க முடியாது. அப்போது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

அதன் பிறகு வாரம் ஒருமுறை அதே வேலை. கயிறு கதவில் தொங்கியது. காலை முட்டை பாதி நாள் பிஸ்கட் ஆனது. அவள் துணி மடிக்கும்போது டிவி ஓடியது, ஏனென்றால் டிவி ஓடினால்தான் துணி மடிக்க முடிந்தது. நோட்டில் மட்டும் ஒரு பெண் நாளுக்கு நாள் தேறிக்கொண்டிருந்தாள். எட்டரைக்குத் தூங்கினாள், கயிறு தாண்டினாள், பையைத் தானே அடுக்கினாள். அந்தப் பெண்ணுக்கு ஓர் அம்மா இருந்தாள், அவள் கத்துவதே இல்லை.

ஐந்தாம் வாரம் அது நடந்தது. தொழிற்சாலையில் வெளித் தணிக்கை, ஏழரை பஸ்ஸைப் பிடித்தே ஆக வேண்டும். ஏழு இருபதுக்குப் பம்பரம் ஒரு கால் ஷூவோடு ஜன்னலில் நின்று கீழே போகும் குப்பை வண்டிக்காரருக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ஷூ என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் "இதோம்மா". நான்காம் தடவை சொல்லவில்லை. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் அடித்தாள். கத்தினாள். என் உயிரை வாங்கவென்றே பிறந்தாயா என்று தொடங்கி, அடிவயிற்றிலிருந்து என்னென்னவோ வந்தது. "எங்கயாவது போய்த் தொலை. உன்னை வச்சுக்கிட்டு என்னால முடியல" என்பதில் போய் முடிந்தது.

பம்பரம் ஜன்னலிலிருந்து இறங்கினாள். சோபாவுக்கு அடியில் குனிந்து ஷூவை எடுத்தாள். தானே போட்டு, தானே கட்டி, பையை மாட்டிக்கொண்டு கதவருகில் போய் நின்றாள். ஏழு இருபத்தைந்து. ஆறு வாரத்தில் அவர்கள் நேரத்தோடு கிளம்பிய மிகச் சில நாட்களில் அதுவும் ஒன்று. படிக்கட்டில் இறங்கும்போது பம்பரம் எதையும் தொடவில்லை, எதையும் கேட்கவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அவள்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். வார முடிவில் அந்த நாளுக்கு எதிரே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டாள். கடைசிக் கட்டத்தில் சுழி.

டாக்டரைப் பார்க்கும் நாளில் கணவன் வந்துவிட்டான். சட்டை மாற்றி, தலை வாரி, பரீட்சைக்குப் போகிறவன்போல முன்னால் நடந்தான். காத்திருக்கும் இடத்தில் நோட்டை வாங்கிப் புரட்டினான். புரட்டப் புரட்ட அவன் முகம் இளகியது. "பரவாயில்லையே, கடைசி நாலு வாரம் பிரமாதம்" என்று மனைவியின் தோளில் கை வைத்தான். அந்தக் கை அவளுக்குக் கனத்தது. அவளுக்கு ஒரே பயம்தான், பம்பரத்தின் வாய். உள்ளே போய் உட்கார்ந்ததும் எதையாவது உளறிவிடுவாள். 'டிவி பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை போதும், எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். முந்தின நாள் மகளைக் கூப்பிட்டு இதைச் சொல்லாதே அதைச் சொல்லாதே என்று சொல்லிவைக்கலாமா என்று பார்த்தாள். வாய் வரவில்லை. அந்த அளவுக்கு இறங்க மனம் ஒப்பவில்லை.

டாக்டர் நோட்டைப் பொறுமையாகப் பார்த்தார். தலையசைத்தார். அடித்துத் திருத்திய இடத்தில்கூட ஒரு நொடி நின்று, அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். பிறகு நோட்டை மூடாமல் பம்பரத்தின் பக்கம் திரும்பி, வீட்டில் எப்படிப் போகிறது, அம்மா நிறையக் கத்துகிறாரா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

நாற்காலியில் பம்பரத்தின் கால்கள் அதுவரை ஆடிக்கொண்டே இருந்தன. அந்தக் கேள்வியில் நின்றன. இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். 

"அம்மா கத்தவே மாட்டாங்க" என்றாள். "நான் எட்டரைக்குத் தூங்கிடுவேன். அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி டிவி பாக்க மாட்டேன். போனும் பாக்க மாட்டேன். ஆறு மணிக்கு எந்திரிப்பேன். கயிறு தாண்டுவேன், இருபது நிமிஷம். முட்டை சாப்பிடுவேன். முந்தின நாளே பையை வச்சிடுவேன்…"

வரிசை மாறாமல் சொன்னாள். இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் இரண்டாவதை மறந்துவிடும் பெண், பதினொரு கட்டத்தையும் நோட்டில் உள்ள வரிசைப்படி, ஒன்று விடாமல் ஒப்பித்தாள். யாரும் பார்க்காதபோது எடுத்துப் படித்திருக்கிறாள். எத்தனை தடவை படித்தாளோ, எத்தனை நாள் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாளோ. சொல்லி முடித்ததும் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்ற பார்வை அது.

அவளால் தாங்க முடியவில்லை. உள்ளே இத்தனை நாள் கட்டிவைத்த ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. கணவன் பக்கத்தில் இருக்கிறான் என்பதும், என்ன சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது. தெரிந்தேதான் வாயைத் திறந்தாள்.

"அந்த நோட்டு பொய் டாக்டர். மொத ரெண்டு வாரம் நெஜம். மத்ததெல்லாம் நானா உக்காந்து எழுதினது. நான் கத்தறேன். தெனமும் கத்தறேன். போய்த் தொலைன்னுகூடச் சொல்லிட்டேன்."

 கணவன் நோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. தேறாவிட்டால் இவளை அனுப்பிவிடுவார்கள், அதனால்தான் எழுதினேன், நானே பொய்த் தாளைப் பிடிக்கிற வேலையில் இருக்கிறவள், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று டாக்டரிடமே சொல்லி முடித்தாள்.

டாக்டர் பம்பரத்திடம் குனிந்து, அம்மா அப்படிச் சொல்லச் சொன்னாரா என்று கேட்டார். பம்பரம் பலமாகத் தலையாட்டி மறுத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், மேசையில் இருந்த கிளிப்பை நிமிர்த்திக்கொண்டே சொன்னாள். "நோட்டு நல்லா இல்லேன்னா என்னை அத்தைகிட்ட விட்டுடுவாங்க. அப்பா லாரிக்குப் போயிடுவாங்க. நானும் போயிட்டா அம்மாகூட யாரு இருப்பா?"

லாரிக்காரன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டருக்கு இது புதிதில்லைபோலும். உண்மையான இரண்டு வாரம் எனக்குப் போதும் என்று அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்துவைத்துக்கொண்டார். கயிறு தாண்டிய நாட்களையும் பள்ளிக் குறிப்பு வராத நாட்களையும் விரலால் தொட்டுக் காட்டினார். பதினொன்றையும் யார் எடுக்கச் சொன்னது, முடிந்ததை என்றுதானே சொன்னேன் என்றார். வேலையில் ஒரு கட்டம் விட்டாலும் தப்பு என்று அவள் முணுமுணுத்தாள். "உங்க பொண்ணு குளிர் கிடங்கு இல்லம்மா" என்றார் டாக்டர். மருந்தைப் பற்றி அடுத்த முறை மூவருமாக உட்கார்ந்து பேசலாம், வீட்டில் தோற்றுப்போனதற்குத் தரும் தண்டனை இல்லை அது என்றும் சொன்னார்.

ஜன்னல் பக்கமிருந்து கணவன் கேட்டான். விடுதியில் விட்டால் ஒழுங்காகிவிட மாட்டாளா என்று. 

"எண்பது பேருக்கு ஒரு வார்டன். இங்க ஒருத்திக்கு ஒருத்தியே பத்தல, பாக்கறீங்கள்ல?" என்ற டாக்டர், புதுத் தாள் ஒன்றை எடுத்து மூன்றே மூன்று கட்டம் போட்டார். தூக்கம், கயிறு, பை. மற்ற எட்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள் என்றார். தாளை அவள் கையில் கொடுக்கவில்லை. எழுந்துபோய் ஜன்னலடியில் நின்றவனிடம் நீட்டினார். "இதை இனிமே நீங்க எழுதுங்க. வீட்ல இருந்தாலும் சரி, ரோட்ல இருந்தாலும் சரி. தெனம் கேட்டு எழுதுங்க."

வெளியே வந்ததும் அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அன்று மாலை போனை மகள் கையில் கொடுக்கவில்லை. அடுத்த நாள் விடியும் முன்பே லாரிக்குக் கிளம்பிப் போய்விட்டான். அனுப்புவானா மாட்டானா என்று அவன் சொல்லவும் இல்லை, அவளுக்குக் கேட்கத் துணிவும் இல்லை. பொய் எழுதியவளுக்குக் கேட்கும் உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று இரவு எட்டே காலுக்குப் போன் வந்தது. முந்தின இரவுத் தூக்கம், கயிறு, பை என்று மூன்று கேள்வி, மூன்று பதில், வைத்துவிட்டான். இரண்டாம் நாள் கயிறு இல்லை. மூன்றாம் நாள் பை இல்லை. அவன் எழுதிக்கொண்டான். ஒவ்வொரு 'இல்லை' சொல்லும்போதும் அவளுக்கு விடுதி ஞாபகம் வந்தது.

நான்காம் நாள் ஒன்றும் உருப்படவில்லை. பஸ் பழுதாகி அவள் ஏழரைக்குத்தான் வீடு சேர்ந்தாள். முந்தின இரவு பம்பரம் தூங்கியது பத்து மணிக்கு. காலையில் கயிறும் இல்லை. பை எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரியாது, பள்ளியிலேயே இருக்கலாம். எட்டே காலுக்குப் போன் மணி அடித்தது. கயிறையாவது ஆமாம் என்று சொல்லிவிடலாம், அவன் இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கிறான். அவள் போனைக் காதில் வைத்தாள்.

"மூணும் இல்ல" என்றாள்.

அந்தப் பக்கம் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை எங்கோ ஓரங்கட்டி நிறுத்தியிருந்தான். 

"அக்கா காலைல போன் பண்ணினாங்க. ஒரு எடம் ஒதுக்கி வச்சிருக்காங்களாம்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற யாராவது பிள்ளைக்குக் குடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றான். தாள் புரளும் சத்தம் கேட்டது. "மூணும் இல்லைன்னு போட்டுக்கிட்டேன். நாளைக்கு இதே நேரத்துக்குக் கூப்பிடறேன்."

போனை மேசையில் வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். உள்ளறையில் பம்பரம் கட்டிலில் குதிக்கும் சத்தம் கேட்டது. எட்டரை ஆகப்போகிறது, போய்ப் படுக்கவைக்க வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் குதிக்கட்டும் என்று அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.